அணைக்காத ஆம்ப்ளிஃபயர்

அத்தியாயம் 14

அந்த அப்பாவைத் திட்டி இந்த வாரம் மட்டும் பதினேழு கடிதங்கள். "செத்துப்போன பிள்ளையின் பொருளை இரண்டு வாரம்கூட ஆகாமல் விற்ற மனுஷனுக்கு எதற்கு இன்னும் கதையில் இடம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்?" என்று ஒரு வாசகி நேரடியாகவே கேட்டுவிட்டார். நியாயமான கோபம்தான். எனக்கும் அந்த ஆளைக் கண்டால் ஆகாது. ஆனால் இந்த வியாழக்கிழமை நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள், நான் குறுக்கே வரவில்லை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. வீட்டில் நான்கு பேர். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மாவுக்கு வீட்டிலேயே தையல் வேலை. பெரியவன் கிடார் வாசிப்பவன். சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். எட்டு மாதமாக மூன்று பேர்.

பெரியவன் வாசித்தது சர்ஃப் இசை. அலைமேல் பலகை போட்டுச் சறுக்குகிறவர்களின் சங்கீதம். அதில் பெரும்பாலும் பாடுவதற்கு ஆள் கிடையாது, கிடார்தான் பாடும். "ஊர் பூரா தேடியும் பாட ஒரு ஆள் கிடைக்கலையாடா?" என்று அம்மா கேலி செய்வாள். இந்த இசைக்கு கிடார் எவ்வளவு முக்கியமோ அதைவிட ஒரு படி முக்கியம் ஆம்ப்ளிஃபயர். அதன் வயிற்றுக்குள், பழைய ரேடியோக்களில் இருந்த மாதிரிக் கண்ணாடி வால்வுகளோடு, நீளமான ஸ்பிரிங்குகள் இருக்கும். கிடாரின் ஒலி அந்த ஸ்பிரிங்குகளுக்குள் புகுந்து நடுங்கி வெளியே வரும்போது தண்ணீரில் நனைந்து சொட்டுகிற மாதிரி கேட்கும். பெரியவன் அதற்கு வைத்த பெயர் ஈரம்.

"இன்னிக்கு ஈரம் பத்தலம்மா" என்பான். அம்மா தையல் மிஷினை மிதித்தபடியே, "எனக்கு ரொம்ப ஈரமாத்தான் கேக்குது. பிழிஞ்சு காயப்போடு" என்பாள். வீடு சின்னது. மிஷினை ஒட்டித்தான் ஆம்ப்ளிஃபயருக்கு இடம்.

கடைசி நாள் காலையில் ஒரு கம்பி அறுந்துபோனது. புதுக் கம்பி வாங்க வண்டியை எடுத்தவன் வாசலில் நின்று கத்தினான்: "யாரும் ஆம்பைத் தொடாதீங்க! வால்வு சூடாக நேரமாகும். நான் வந்து அணைச்சுக்கறேன்."

வரவில்லை. தெருத் திருப்பத்தில் ஒரு லாரி.

பன்னிரண்டு நாள் அந்த ஆம்ப்ளிஃபயரை யாரும் தொடவில்லை. பதின்மூன்றாம் நாள் சின்னவள் வேலை முடிந்து வந்தபோது அந்த இடம் காலி. "வித்துட்டேன்" என்றார் அப்பா. யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. "உங்களுக்கு ஈரமே இல்லப்பா" என்றாள் சின்னவள். அதோடு பேச்சு நின்றது. இப்போதெல்லாம் 'சாவி எங்க', 'தண்ணி வந்துடுச்சு' அளவோடு சரி. அம்மாவோ மிஷின் பக்கமே போவதில்லை. மேலே போர்த்திய துணி போர்த்தியபடி கிடக்கிறது.

போன வாரம் பெரியவனின் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் டமாரம் வந்தான், ஞாபகம் இருக்கும். சனிக்கிழமை கடற்கரை அரங்கத்தில் பெரியவன் இடத்தில் சின்னவள் வாசிக்க வேண்டும் என்றான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே அத்தனையும் கற்றவள் அவள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தான். "அவன் சத்தம் வரணும். வேற ஏதாவது சத்தம் வந்தா நான் மேடை ஏற மாட்டேன். நீயும் ஏறாத." சொல்லும்போதே அந்தத் தடியன் அழுதுவிட்டான்.

ஆக, சனிக்கிழமைக்குள் ஒரு ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

*

"அப்பாவையும் கூட்டிட்டுப் போ" என்றாள் அம்மா.

"எதுக்கு? அவருக்கு என்ன தெரியும்?"

"இருபது கிலோவுக்குக் குறையாது. நீ தூக்குவியா?"

அதற்குமேல் என்ன பேச? சின்னவள் கிடார் பையை மாட்டிக்கொண்டாள். அம்மா வாசல்வரை வந்தாள்.

"ஈரமா இருக்கறதாப் பார்த்து எடு."

அந்தச் சொல்லை எட்டு மாதத்துக்குப் பிறகு அம்மா வாயிலிருந்து கேட்கிறாள். திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் அப்பா ஒரு சீட்டில், மகள் ஒரு சீட்டில், நடுவில் கிடார் ஒரு சீட்டில். எந்தக் கடைக்குப் போகிறோம் என்று தெரிந்ததிலிருந்தே அப்பாவின் முகம் சரியில்லை. "அந்தக் கடைதான் வேணுமா? வேற கடை இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடை வாசலில் இறங்கியதும், "நீ உள்ள போ. நான் இங்கயே நிக்கறேன்" என்று பக்கத்துச் சுவரோரமாக ஒதுங்கினார்.

'இதுக்கும் கூடவா வர முடியாது?' என்று மனசுக்குள் பொரிந்துகொண்டே அவள் உள்ளே போனாள்.

கடைக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "சர்ஃப் இசையா? அதைக் கேட்டு வர்றவங்களே கிடையாதேம்மா!" என்று துள்ளி எழுந்தார்.

முதலில் காட்டியது ஒரு கையில் தூக்கக்கூடிய சின்னப் பெட்டி. "உள்ள எல்லாம் கம்ப்யூட்டர் சில்லு. இருபத்தி நாலு வகை எதிரொலி. ஸ்பிரிங் வேணுமா, பட்டனை அமுக்கு, ஸ்பிரிங். குகை வேணுமா, குகை."

சின்னவள் கிடாரைச் சொருகி, தடித்த கம்பியில் மேலிருந்து கீழே விரலை வழுக்கவிட்டாள். பெரியவன் ஒவ்வொரு பாட்டையும் அப்படித்தான் தொடங்குவான்.

"பாத்ரூம்ல வாசிக்கிற மாதிரி இருக்குங்க."

"நல்ல பாத்ரூம்தான்மா" என்றார் கடைக்காரர் விட்டுக்கொடுக்காமல்.

இரண்டாவது வால்வு ஆம்ப்ளிஃபயர். மெல்ல வாசிக்கும்போது நெஞ்சுக்கு இதமாக இருந்தது. ஆனால் அரங்கம் நிறைய வேண்டுமே, சத்தத்தைக் கூட்டினாள். பாதிக்கு மேல் போனதும் ஒலி உடைந்து கரகரத்தது. "இந்தக் கரகரப்புக்குத்தான் மத்தவங்க அலையறாங்க" என்றார் அவர். அவள் தலையை ஆட்டினாள். எவ்வளவு கூட்டினாலும் உடையக் கூடாது. சுத்தமாக, பெரிசாக, நனைந்து வர வேண்டும். அண்ணன் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான்.

"அப்போ உனக்குப் பழசுதான். இரு" என்று மூலையிலிருந்து ஒரு கனத்த பெட்டியை இழுத்து வந்தார். போட்டார். வால்வு சூடாகக் காத்திருந்தார்கள். "உள்ள இருக்கறது நிஜ ஸ்பிரிங்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சில்லை அடிச்சா கம்முனு இருக்கும். ஸ்பிரிங்கை அடிச்சா, இதோ பார்."

உள்ளங்கையால் பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

பெரிய அலை ஒன்று பாறையில் மோதிச் சிதறிய மாதிரி ஒரு சத்தம். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. சந்தோஷம் தாங்காமல் அவர் மறுபடி கையை ஓங்கினார்.

"அடிக்காதீங்க!"

வாசலில் அப்பா. உள்ளே ஓடி வந்து கடைக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மூச்சு வாங்கியது. சின்னவளுக்குப் புரியவில்லை, அப்பா சத்தம்போட்டு அவள் பார்த்ததே கிடையாது.

கடைக்காரர் பூதக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, அண்ணே! நீங்களா? போன மாசம் வாங்கிட்டுப் போனீங்களே, அந்த வால்வு எப்படி இருக்கு? ராப்பகலா எரிய விட்டா எந்த வால்வும் தாங்காதுண்ணே. கொஞ்சம் அணைச்சு வைங்கன்னு அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

"எந்த வால்வுப்பா?"

அப்பாவின் பிடி இன்னும் கடைக்காரரின் மணிக்கட்டில் இருந்தது.

"வித்த ஆம்ப்புக்கு எதுக்குப்பா வால்வு?"

அப்பா கடைக்காரரின் கையை விட்டார். "மன்னிச்சுக்குங்க" என்றார் அவரிடம். அப்புறம் மகளிடம், "கிடாரை எடுத்துக்கோ. காட்டறேன்" என்றார்.

*

ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம். இருபத்திரண்டு வருஷமாக அந்த லிஃப்ட் அப்பாவின் பொறுப்பு. ஒன்பதாம் மாடியில் இறங்கி, செங்குத்தான இரும்புப் படியில் ஏறி, ஒரு தகரக் கதவின் பூட்டைத் திறந்தார். மெஷின் ரூம்.

நடுவில் மோட்டார். அதன் சக்கரத்தில் எண்ணெய் பளபளக்கும் இரும்புக் கயிறுகள் தரையில் இருந்த துளை வழியாகக் கீழே இறங்கின. மோட்டாருக்கு அடியில் ரப்பர், கருவிப் பெட்டிக்கு அடியில் ரப்பர், மேஜைக் கால்களுக்கு அடியிலும் ரப்பர். அதிர்வு என்றாலே அப்பாவுக்கு ஆகாது. வீட்டில் ஃபிரிட்ஜுக்குக்கூட நான்கு ரப்பர் வைத்தவர்.

மூலையில், ரப்பர் இல்லாமல், வெறும் தரையில், பெரியவனின் ஆம்ப்ளிஃபயர்.

சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் கீழே யாரோ பட்டனை அமுக்கினார்கள். மோட்டார் ஒரு உதறு உதறிவிட்டு ஓடத் தொடங்கியது. தரை அதிர்ந்தது. ஆம்ப்ளிஃபயரின் வயிற்றுக்குள்ளிருந்து, தூரத்துக் கடலின் உறுமல் எழுந்து, நனைந்து, மெல்ல அடங்கியது. அண்ணன் ஆம்பைக் காலால் இடித்துவிட்டு "ஐயோ" என்பானே, அதே சத்தம். அவள் அப்படியே உட்கார்ந்தாள்.

"ஏன்ப்பா?"

அப்பா வெகுநேரம் ஒரு துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு அழுக்கும் இல்லை.

"அன்னைக்கு வேலையிலேர்ந்து சீக்கிரம் வந்துட்டேன். உங்கம்மா மிஷின்ல உக்காந்து மிதிச்சிட்டு இருந்தா. சரி, தைக்க ஆரம்பிச்சுட்டா, மனசு தேறுதுன்னு நினைச்சேன். கிட்டப் போய்ப் பார்த்தா மிஷின்ல துணி இல்லம்மா. ஊசியில நூல் இல்ல. சும்மா மிதிக்கறா. மிதிச்சா பக்கத்துல இது உறுமும். கேப்பா. நிறுத்துவா. வாசலைப் பார்ப்பா. மறுபடி மிதிப்பா."

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னைப் பார்த்துட்டு, 'வந்துட்டான் போல, சத்தம் கேக்குது'ங்கறா. எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு. அணைச்சுடலாம்னு போனேன். ஒரு விரல் வேலைதானே? முடியல. அவன் போட்டுட்டுப் போன சுவிட்ச். நான் எப்படி அணைப்பேன்? பிளக்கைத்தான் பிடுங்கினேன். இங்க கொண்டாந்து சொருகினேன். வால்வு மாத்தறப்பவும் பிளக்கைத்தான். சுவிட்ச் அவன் கை வெச்சபடியே இருக்கு."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேப்பா. வித்துட்டேன்னு எதுக்குப் பொய்?"

"வித்துட்டேன்னா என்னைத் திட்டுவீங்க. திட்டிட்டு ஆறிடும். இங்க இருக்குன்னா அவ வந்து இங்கயே உக்காந்துடுவா."

"அதுக்குப் பதிலா நீங்க வந்து உக்காந்துட்டீங்க."

மூலையில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் மடித்துப்போட்ட சாக்கு உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்திருந்ததை இப்போதுதான் அவள் பார்த்தாள். எட்டு மாதமாக 'உங்களுக்கு ஈரமே இல்லப்பா' என்ற அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு இந்த மனுஷன் இங்கேதான் உட்கார்ந்திருந்தாரா? சொன்ன வாயை என்ன செய்வது?

கிடாரை எடுத்துச் சொருகினாள். தடித்த கம்பியில் மேலிருந்து கீழே வழுக்கினாள். அலை எழுந்து, உடையாமல், சொட்டச் சொட்ட வந்து விழுந்தது. அண்ணன் திருகி வைத்த இடத்திலேயே எல்லாக் குமிழ்களும் இருந்தன. எந்தக் கடையிலும் இது கிடைக்காது. டமாரம் கேட்ட சத்தம் இதுதான்.

"இதுதாம்ப்பா. சனிக்கிழமைக்கு இதுதான் வேணும்."

"எடுத்துக்கோ."

சுவிட்சின் மேல் விரலை வைத்தாள். இருபது தடவையாவது வைத்து எடுத்திருப்பாள். கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு போனை எடுத்தாள்.

"யாருக்கும்மா?"

"அம்மாவுக்கு. அவளுக்குத் தெரியாம இதை யாரும் தொட வேண்டாம்."

"வேணாம்மா. சொன்னாக் கேளு. திரும்பவும் ஆரம்பிச்சுடுவா."

அதற்குள் அந்தப் பக்கம் அம்மா எடுத்துவிட்டாள். சின்னவள் சொன்னாள்.

"எரியுதா?" என்றாள் அம்மா.

"எரியுதும்மா."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

*

முக்கால் மணி நேரம் இருவரும் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட் போனது, வந்தது. ஒவ்வொரு தடவையும் மூலையில் கடல் உறுமியது.

பிறகு ஒரு தடவை மோட்டார் கிளம்பியபோது அப்பா தலையை நிமிர்த்தினார். இருபத்திரண்டு வருஷக் காது. நான்கு பேர் ஏறினால் ஒரு சத்தம், பெட்டி காலியாக வந்தால் ஒரு சத்தம்.

"ஒரே ஆள்" என்றார். கொஞ்சம் கேட்டுவிட்டு, "கனமே இல்ல" என்றார்.

எட்டு மாதத்தில் அம்மா பாதியாகிவிட்டிருந்தாள்.

மோட்டார் நின்றது. இரும்புப் படியில் செருப்புச் சத்தம். அம்மா கதவுக்கு வந்தாள். நேரே மூலைக்குப் போய்ச் சிவப்பு விளக்கின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். சுவிட்சைத் தொடாமல் அதைச் சுற்றி இருந்த தூசியை மட்டும் முந்தானையால் துடைத்தாள்.

"அப்படியே இருக்கு" என்றாள்.

"நான் தொடல" என்றார் அப்பா.

"தெரியும். நீங்க தொட மாட்டீங்க." அவரை நிமிர்ந்து பார்த்தாள். "வித்துட்டேன்னு சொன்னப்பவே நம்பலை. விக்கிற மூஞ்சியா இது?"

சின்னவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, சனிக்கிழமை நான் இதுலதான் வாசிக்கணும். எடுத்துட்டுப் போகணும்னா..."

"பிளக்கைப் பிடுங்கு. அப்பா பண்ண மாதிரியே. அங்க போய்ச் சொருகிக்கோ." அம்மா நிதானமாகத்தான் பேசினாள். "கடைசிப் பாட்டு வாசிச்சு முடிச்சதும் நீ அணைச்சுடு. உன் கையால. வந்து அணைச்சுக்கறேன்னு சொன்னான். அவனுக்காக நீ அணை."

"என்னால முடியாதும்மா."

அந்த நேரம் கீழே யாரும் பட்டனை அமுக்கவில்லை. அறை அமைதியாக இருந்தது. ஆம்ப்ளிஃபயரும் அமைதியாக இருந்தது. அம்மாவின் வலது கால் தரையில் மெல்ல அசைந்தது. முன்னால், பின்னால். முன்னால், பின்னால். அவள் அறியாமலே மிதித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அதைப் பார்த்துவிட்டார். எது நடக்கக் கூடாது என்று எட்டு மாதம் பொய் சொன்னாரோ, அது கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

"போலாமா?" என்றார் மெதுவாக.

"நீங்க ரெண்டு பேரும் கீழ போங்க. நான் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்."

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தயங்கித் தயங்கி எழுந்தார்கள். அப்பா சின்னவளின் தோளைப் பிடித்துக்கொண்டு இரும்புப் படிப் பக்கம் திரும்பினார். பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"படியில நடந்து போயிடாதீங்க. லிஃப்ட்லயே போங்க."

ஒன்பதாம் மாடியில் லிஃப்ட் காத்திருந்தது. ஏறினார்கள். அப்பா தரைத்தளத்துக்கான பட்டனை அமுக்கினார். தலைக்கு மேலே எங்கோ மோட்டார் உதறி எழுந்தது. இருவரும் கூரையையே பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். மேலே அவள் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இருவருக்கும் தெரியும்.

தரைத்தளம். கதவு திறந்தது. வெளியே சாயங்கால வெயில். அப்பா ஒரு காலை வெளியே வைத்தார்.

"அப்பா" என்றாள் சின்னவள். சாவிக்காகவும் தண்ணீருக்காகவும் கூப்பிடாமல், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, சும்மா கூப்பிட்டாள்.

அவர் திரும்பினார்.

அவள் ஒன்பதாம் எண்ணை அமுக்கியிருந்தாள். அப்பா வெளியே வைத்த காலை உள்ளே எடுத்துக்கொண்டார்.